மாத்திரை வீடு தேடி வருகிறது, குளிப்பாட்ட யார் வருவார்?

நர்சம்மா பதில்கள்

சென்ற இதழில், பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி புகட்டுவது பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் கஞ்சியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ‘புகட்ட வீட்டில் ஆள் இல்லையே, நர்சம்மா’ என்றுதான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்குத்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1988 முதல் 2019 வரை நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். சேரும்போது ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம், ஓய்வு பெறும்போது திருவாரூர் மாவட்டம். அதற்கு அப்புறம் என் அம்மாவை நான்கு வருஷம் வீட்டில் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு அனுபவத்திலிருந்தும் வருவது.

என் அக்காவுக்கு 81 வயது. இங்கிலாந்தில் இருக்கிறார். அத்தான் காலமான பிறகு தனியாள். காலையில் எழுப்பிக் குளிக்க வைக்க, மதியம் சாப்பாடு சூடாக்கித் தர, மாலையில் மாத்திரை கொடுக்க, இரவில் படுக்க வைக்க என்று தினமும் நான்கு முறை ஆள் வருகிறார்களாம். அனுப்புவது அந்த ஊர் நகராட்சி என்கிறார். நமக்கு நகராட்சி என்றால் குப்பை, குடிநீர், வீட்டு வரி. அங்கே மட்டும் இது எப்படி? அக்காவுக்கு அதிலும் ஒரு வருத்தம், தினம் ஒரு புது முகம் வருகிறதாம்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் அக்கா சொல்வது உண்மைதான். என் தோழியின் மகள் அங்கே இதே வேலையில் இருக்கிறாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இங்கிலாந்தில் 2014-இல் ஒரு பராமரிப்புச் சட்டம் போட்டார்கள். 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வயது வந்த ஒருவருக்கு அன்றாட வாழ்க்கையில் உதவி தேவைப்படலாம் என்று தெரிந்தால், அந்த ஊர் கவுன்சில் (உங்கள் அக்கா நகராட்சி என்று சொல்வது) அவரது நிலையை விசாரித்தே ஆக வேண்டும். அந்த விசாரணைக்குக் கட்டணம் கிடையாது. பணம் வைத்திருக்கிறாரா இல்லையா என்பதும் அப்போது பேச்சில்லை. தானாகச் சாப்பிட முடிகிறதா, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடிகிறதா, கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா, உடுத்த முடிகிறதா, வீட்டுக்குள் விழாமல் நடமாட முடிகிறதா, வெளியே போய் நாலு மனிதர்களைப் பார்க்க முடிகிறதா என்று இப்படிப் பத்து விஷயம் பார்க்கிறார்கள். உடல்நலக் குறைவாலோ ஊனத்தாலோ அதில் இரண்டு அல்லது அதற்கு மேல் முடியாமல் போய், அதனால் அவர் வாழ்க்கை பெரிதாகப் பாதிக்கப்பட்டால் உதவி பெறத் தகுதியானவர்.

பணக் கணக்கு அப்புறம்தான். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் செலவை அவரே ஏற்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் வருமானத்தைப் பார்த்து ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மீதியைக் கவுன்சில் கட்டும். சொந்த வீட்டிலேயே இருந்து உதவி பெறுபவருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் உங்கள் அக்கா வீட்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் கவுன்சில் ஊழியராக இருக்க மாட்டார். கவுன்சில் விலைப்புள்ளி கேட்டு, தனியார் நிறுவனங்களோடும் தொண்டு அமைப்புகளோடும் மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டு இந்த உதவியை வாங்குகிறது. இதற்கு அங்கே ‘கமிஷனிங்’ என்று பெயர். நம் காதில் கமிஷன் என்ற சொல் வேறு மாதிரி விழும். அங்கே அதன் பொருள், ஊரில் யார் யாருக்கு என்ன தேவை என்று கணக்கெடுத்து, யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்து, ஒழுங்காக நடக்கிறதா என்று கடைசி வரை பார்ப்பது. அந்த நிறுவனங்களைச் சோதிக்கவும் தரம் போடவும் தனியாக ஓர் ஆணையம் உண்டு.

அக்காவின் வருத்தத்துக்கும் காரணம் இந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. மணிக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து வாங்கினால் பராமரிக்கும் பெண்ணுக்குக் கூலி குறையும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குக் கூலி சரியாகக் கிடைக்காத இடங்கள் உண்டு. பெண்கள் நிற்காமல் போய்விடுகிறார்கள். போனவருக்குப் பதில் வேறொருத்தி, அவளுக்குப் பதில் இன்னொருத்தி. பல ஊரில் 15 நிமிஷ வருகை என்றே ஒரு வழக்கம் வந்துவிட்டது.

15 நிமிஷம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், ஐயா. என் அம்மாவைக் காலையில் எழுப்பும்போது, முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறக்கும் வரை காத்திருப்பேன். பக்கவாட்டில் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, உட்கார வைத்து, தலைசுற்றல் அடங்கும் வரை முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த இடத்தில் அவசரப்பட்டால் ஆள் கீழே விழுவார். அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும். ‘தம்பி போன் பண்ணினானா?’ என்று தினமும் கேட்பார், தினமும் பதில் சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தால் 20 நிமிஷம் ஓடியிருக்கும், இன்னும் குளியலறைக்கே போயிருக்க மாட்டோம். அந்த நாட்டிலேயே மருத்துவ, சமூகப் பராமரிப்பு வழிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ என்ற அமைப்பு 2015-இல் இதைச் சொல்லிவிட்டது. அரை மணிக்குக் குறைவான வருகை என்றால், தெரிந்த ஆள் வந்து குறிப்பிட்ட ஒரு சின்ன வேலையைச் செய்துவிட்டுப் போவது போன்ற சமயங்களில் மட்டும்தான்.

அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். பராமரிப்புத் திட்டத்தை மறுபடி பாருங்கள் என்று கவுன்சிலைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நாலைந்து பேருக்குள் மாறி மாறி வரட்டும், தமிழ் தெரிந்தவரோ நம் சமையல் தெரிந்தவரோ ஒருவராவது இருக்கட்டும் என்று எழுதிக் கேட்கட்டும். ஆளுக்குப் பதிலாகப் பணமாக வாங்கி, தானே ஆள் வைத்துக்கொள்ளும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. கவுன்சிலிடம் புகார் கொடுத்தும் நடக்கவில்லை என்றால் அதற்கு மேலே ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. பிசியோதெரபி வருகிறது, வலி தணிக்கும் சிகிச்சைக்குச் செவிலியர் வருகிறார். நான் வேலையில் இருந்த காலத்தில் இதெல்லாம் கனவு. ஆனால் குளிப்பாட்டவும், துணி மாற்றவும், ஒரு வாய் ஊட்டவும் யாரும் வருவதில்லை. அந்த வேலை வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது. அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

அக்கா, மாமியாருக்குப் பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. வலது கை கால் வராது. வீட்டுக்காரர் திருப்பூரில். நான் நடவுக்கும் களைக்கும் போனால்தான் அடுப்பு எரியும். காலை ஆறுக்குப் போனால் வர இரண்டு மணி. அதுவரை அத்தை தனியாகத்தான் கிடக்கிறார். இப்போது இடுப்புக்குக் கீழே சிவந்து தோல் உரிந்திருக்கிறது. ஓர் ஏஜென்சியில் முன்பணம் கட்டி ஆள் வைத்தோம், மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பெண் வரவில்லை, பணமும் வரவில்லை. நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்கிறார்.
– பெயர் வேண்டாம், வலங்கைமான்

தங்கச்சி, முதலில் புண்ணைப் பார்ப்போம். நாத்தனாருக்கு அப்புறம் வருகிறேன்.

தோல் உரிந்துவிட்டது என்றால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்றே சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொன்னாலும் போதும், வலி தணிப்புச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு மணிக்கு ஒரு தரம் அத்தையைத் திருப்பிப் படுக்க வைப்பது. இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புண் இருக்கும் இடம் அடியில் அழுந்தும்படி படுக்க வைக்காதீர்கள். செயலிழந்த வலப்பக்கத்தில் கொஞ்ச நேரம் மட்டும் போதும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. கெண்டைக்கால் அடியில் மடித்த போர்வையை வைத்து, குதிகால் பாயில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பவுடர் கொட்டாதீர்கள். நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையத்தில் உட்கார வைக்காதீர்கள், அது சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போவதைக் கெடுக்கும். ஈரத் துணி ஒரு நிமிஷம்கூட அடியில் இருக்கக் கூடாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டால் மாற்றுவது சுலபம். மற்ற வியாதிக்காகப் பத்தியம் சொல்லாத வரை முட்டையும் பருப்பும் தினமும் சேருங்கள். புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இன்னொன்று. தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் மூட்டு தளர்ந்திருக்கும், இழுத்தால் நழுவும். அதற்குப் பிறகு அவர் அலறுவதற்குக் காரணம் யாருக்கும் புரியாது. ஒரு துண்டை இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதைப் பிடித்துத் தூக்குங்கள்.

ஆறிலிருந்து இரண்டு வரைக்கும் என்ன செய்வது? கிளம்புவதற்கு முன் நீங்கள் ஒரு முறை திருப்பிவிட்டால், நடுவில் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று மூன்று தரம் ஒருவர் வந்து திருப்பி, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, துணி பார்த்துவிட்டுப் போனால் போதும். தெருவில் வயலுக்குப் போகாத ஒரு பெண்மணியிடம் மாதச் சம்பளம் பேசுங்கள். ‘முடிந்தால் பாருங்கள்’ என்று கேட்காதீர்கள். ஏஜென்சிக்குக் கொடுத்ததில் பாதி போதும், அவருக்கு அது பெரிய உதவி. நான்கு நாள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இருமல் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பதை அவர் கண்ணெதிரே செய்து காட்டுங்கள். இனி ஏஜென்சிக்குப் போனால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இன்ன தேதிக்குள் மாற்று ஆள், இல்லாவிட்டால் பணம் திரும்ப என்று அந்த ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது நாத்தனார். மேலே சொன்ன இங்கிலாந்துச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, படுத்திருப்பவரை மட்டும் விசாரித்துவிட்டுப் போவதில்லை. வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். தூங்குகிறீர்களா, வேலைக்குப் போக முடிகிறதா, இதைத் தொடர்ந்து செய்ய உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா? 14 மாதத்தில் உங்களை யாராவது இப்படிக் கேட்டார்களா? நாத்தனாரை வரச் சொல்லுங்கள். சண்டைக்காக அல்ல, மாதத்தில் ஐந்து நாள் அவர் அம்மாவை அவர் பார்க்கட்டும். நீங்கள் அந்த ஐந்து நாளும் நன்றாகத் தூங்குங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவருக்கு அனுப்புங்கள், நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒரு வேளைச் சோற்றுக்கும் மாத்திரைக்கும் கையேந்துகிறேன். என்ன செய்யலாம்?
– 74 வயது, பாபநாசம்

ஐயா, 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கட்டச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்து, மகன் அதை மீறினால், அந்தப் பத்திரமே செல்லாது என்று அறிவிக்கவும் கேட்கலாம். பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால் 14567-க்குப் போன் செய்யுங்கள். முதியோர் உதவி எண், கட்டணம் இல்லை. இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள், அந்த நிபந்தனையை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பாவுக்கு மறதி நோய். நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு ‘மடை திறக்கணும்’ என்று ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறார். ஜூனில் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.
– மன்னார்குடி அருகே ஒரு கிராமம்

50 வருஷம் முறைத் தண்ணீருக்கு ராத்திரியில் எழுந்து போனவர். அவர் மனதில் அந்த வயல் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. பூட்டி வைத்தால் கதவை உடைப்பார், கோபம் கூடும். தாழ்ப்பாளைக் கண்ணுக்குப் படாத மாதிரி கதவின் அடிப்பக்கம் மாற்றிப் போடுங்கள், கதவில் மாட்டுக்குக் கட்டும் சலங்கை ஒன்றைக் கட்டுங்கள். சத்தம் கேட்டு எழுந்தால், ‘மடையை நான் திறந்துவிட்டேன்ப்பா, தண்ணீர் பாய்கிறது’ என்று சொல்லுங்கள். பல நாள் அதுவே போதும், திரும்பிப் படுத்துக்கொள்வார். சட்டைப் பையில் தாள் வைத்தால் தொலைத்துவிடுவார், போன் நம்பரைச் சட்டையின் உள்பக்கம் நூலால் தைத்துவிடுங்கள். டீக்கடைக்காரர், மோட்டார் கொட்டகையில் படுப்பவர், கடைசி மினி பஸ் நடத்துநர் மூவரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். இதை மறைத்து வைப்பதுதான் ஆபத்து. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள், ராத்திரிப் பதற்றத்துக்கு வழி சொல்வார்.

என் மகனுக்கு 33 வயது, அறிவுசார் குறைபாடு. நான் பக்கத்தில் நின்றால்தான் குளிப்பான், நான் பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிடுவான். ஆடுகளோடு இருந்தால் சந்தோஷமாக இருப்பான். எனக்கு 67, மனைவிக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. எங்களுக்குப் பிறகு அவனுக்கு யார் என்று நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது.
– திருத்துறைப்பூண்டி

அண்ணே, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

காகித வேலைகளை முதலில் சொல்கிறேன். 18 வயது முடிந்த பிறகு பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித் தொகை 2023 ஜனவரியிலிருந்து 2,000 ரூபாய். இது அவருக்கு வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, வராவிட்டால் அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள்.

காகிதத்தில் வராத வேலை ஒன்று உண்டு, அதை இந்த வாரமே தொடங்குங்கள். 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி உங்கள் மகனைப் பற்றி எழுதுங்கள். பிரஷ்ஷை எந்தப் பக்கம் நின்று நீட்டினால் வாங்குவார். தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் காலில் ஊற்ற வேண்டுமா. சோற்றில் ரசம் எவ்வளவு. எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார். வயிறு வலித்தால் அதை எப்படிக் காட்டுவார். எந்த ஆட்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார். இதெல்லாம் 33 வருஷமாக உங்கள் இரண்டு பேர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அங்கே கவுன்சில் ஆள் வந்து உட்கார்ந்து எழுதுவதும் இதைத்தான், ‘கேர் பிளான்’ என்கிறார்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவரால் உங்கள் அளவு எழுத முடியாது.

எழுதி முடித்ததும் நம்பிக்கையான ஒரு சொந்தக்காரரிடமோ பக்கத்து வீட்டுத் தம்பியிடமோ கொடுத்து, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை அவரைப் பிசைந்து கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொல்லைப்பக்கம் போய்விடுங்கள். முதல் நாள் மகன் சாப்பிட மாட்டார், தட்டைத் தள்ளுவார். நாலாவது, ஐந்தாவது வாரம் ஒரு கவளம் வாங்குவார். நீங்கள் இருக்கும்போதே அந்தக் கவளம் இறங்க வேண்டும், அண்ணே. நோட்டில் என்னென்ன எழுதினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன்.

எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவன். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஊராட்சி ஏதாவது செய்ய முடியுமா? சட்டத்தில் இடம் இருக்கிறதா? பணத்துக்கு எங்கே போவது?
– கோட்டூர் ஒன்றியம்

தம்பி, சட்டத்தில் இடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 11-ஆம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு மாநில அரசு ஒப்படைக்கலாம் என்று சொல்லப்பட்ட 29 துறைகளில் மாற்றுத்திறனாளிகள் நலன் உட்பட்ட சமூக நலமும் ஒன்று. பக்கத்து மாநிலம் கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சின்ன வலி தணிப்பு மையமாகத் தொடங்கியது, ஊர்க்காரர்கள் கையில் பரவி, 2008-இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. இன்று அங்கே ஊராட்சி தன் திட்டப் பணத்திலிருந்து ஒதுக்கி, செவிலியரை வைத்து, வீடு வீடாக அனுப்புகிறது. கூடவே ஊர்த் தொண்டர்கள் போகிறார்கள். அதுவும் தினசரி உதவி ஆகாது. ஆனால் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது அங்கே ஊராட்சிக்குத் தெரியும்.

அந்த ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது நான் முத்துப்பேட்டைப் பக்கம் வேலையில் இருந்தேன். முந்தின நாள் என் நோட்டைப் பார்த்து, நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. புயல் ஓய்ந்து, விழுந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி ஒரு தெருவுக்குள் போனபோது, கூரை சரிந்த ஒரு வீட்டில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர் கிடந்தார். நான்கு வருஷமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். மகன் குடும்பம் குழந்தைகளை முகாமில் விட்டுவிட்டு, அவரைத் தூக்க ஆள் தேடித் திரும்பும்போது பாதை அடைபட்டுவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க நனைந்து கிடந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், ‘நர்சம்மா, குழந்தைகள் பத்திரமா?’ என்று கேட்டார். ஐந்து வாரத்தில் நிமோனியாவில் போய்விட்டார். அந்த வீட்டு மருமகளின் இரண்டு பிரசவத்துக்கும் நான் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். அவர் உள்ளே படுத்திருப்பது எனக்குத் தெரியும். என் நோட்டில் கர்ப்பிணிகளுக்குப் பட்டியல் இருந்தது, படுத்திருப்பவர்களுக்குப் பட்டியல் இல்லை.

இன்னொரு வீட்டில் படுக்கைப் புண் வராமல் இருக்க மோட்டார் வைத்த காற்றுப் படுக்கை வாங்கியிருந்தார்கள். புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லை. காற்று இறங்கி, ஆள் கட்டில் பலகையிலேயே கிடந்தார். ஜெனரேட்டர் முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஒரு தாள்கூட யாரிடமும் இல்லை.

அதனால் பணத்துக்கு முன்னால் அந்தத் தாள். மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேர், சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர், மூன்று நாளில் ஊர் முழுக்கக் கேட்டு எழுதிவிடலாம். வயதானவர், மாற்றுத்திறனாளி, மனநலம் குன்றியவர், தனியாக வாழ்பவர் எல்லோரும் அதில் வர வேண்டும். பெயர், வீடு, எதெல்லாம் தானாகச் செய்ய முடியாது, பகலில் கூட யார் இருக்கிறார், வெள்ளம் புயல் என்றால் தூக்க எத்தனை ஆள் வேண்டும். இதை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டக் கூடாது, படுத்திருப்பவருக்கும் மானம் உண்டு. கிராம சபையில் எண்ணிக்கையை மட்டும் வாசித்துத் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26-இலிருந்து நவம்பர் 1 வரை வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. தலைவர் இருந்தால் தலைவரிடம், இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் கொடுங்கள். 2025-இல் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராக வர வழி கிடைத்திருக்கிறது. அப்படி வருகிறவரையே இந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாளர் ஆக்குங்கள்.

பணம் திரட்டி ஆள் வைக்கும் நாள் வந்தால், குறைந்த கூலி கேட்டவருக்கு வேலை என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணத்து ஆசிரியரின் அக்கா சாட்சி. ஒரே பெண், ஒரே வீடு, போதிய நேரம், நின்று நிலைக்கிற சம்பளம்.

நான் மூன்று வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். லீவு கிடையாது, போனஸ் கிடையாது. ஒரு வீட்டில் அந்தப் பாட்டியின் மலத்தைத் துடைக்கும் கை என் கை. ஆனால் எனக்கு டீ தனி டம்ளரில், அது கொல்லைப்புற மாடத்தில் இருக்கும். பாட்டி என் கையால்தான் சாப்பிடுகிறார்.
– மயிலாடுதுறை

மகளே, வேலை விஷயம் முதலில். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-இலிருந்து இருக்கிறது. தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். 59 வயதுக்குள் என்றால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டையும் எடுத்துவிடுங்கள், இ-சேவை மையத்திலேயே முடியும். மூன்று வீட்டிலும் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று ஒரு சின்ன டைரியில் எழுதுங்கள். சம்பளத் தகராறு வந்தால் அதுதான் உங்கள் பக்கம் பேசும். மாதத்துக்கு இத்தனை நாள் விடுமுறை என்பதை மூன்று வீட்டிலும் ஒரே நாளில் கேளுங்கள். உங்களை இழக்க அவர்களால் முடியாது, நல்ல ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்தில் உள்ள மற்றக் கடிதங்களைப் படித்தாலே தெரியும்.

டம்ளர். தீண்டாமை குற்றம், 1955-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நீங்கள் புகார் கொடுப்பதாக இருந்தால் நான் கூட வருகிறேன். வேலை போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். 1989-இல் ஒரு வீட்டில் விடிய விடியப் பிரசவம் பார்த்தேன். விடிந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டிக் கையில் கொடுத்தவர் என்னோடு வந்த ஆயா. அவருக்குக் கொட்டாங்கச்சியில் காப்பி கொடுத்தார்கள். எனக்கு வெள்ளி டம்ளர். நான் அதைக் குடித்துவிட்டேன். வயது 23, புது வேலை. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காப்பியின் ருசி இன்னும் என் தொண்டையில் இருக்கிறது.

அதனால் அந்தப் பாட்டியின் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாடத்து டம்ளரை இன்று எடுத்துவிடுங்கள். நாளைக் காலை அவர் வரும்போது, உங்கள் அம்மாவுக்குக் கொடுக்கும் அதே டம்ளர் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து, உட்காரச் சொல்லி, டீ கொடுங்கள்.